சுவையும் தீர்ப்பும்: செயின்ட் எமிலியோன் நகரின் மதுச் சுவைப்பு மரபு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது செயின்ட் எமிலியோன் என்னும் சிற்றூர். இரண்டாயிரத்துக்கும் குறைவான மக்களே வாழும் இவ்வூருக்கு ஆண்டுதோறும் பல இலட்சம் பயணிகள் வந்து செல்கின்றனர். காலையில் போர்தோவிலிருந்து தொடர்வண்டியில் புறப்பட்டு, கற்பாவிய செங்குத்தான தெருக்களில் ஏறி இறங்கி, பாறைக்குள் குடைந்த தேவாலயத்தைக் கண்டு, இரண்டொரு தோட்டங்களில் திராட்சை மதுவைச் சுவைத்து, மாலையில் திரும்பிவிடுவது பயணிகளின் வழக்கம். ஒரு நாள் உலாவாகத் தோன்றும் இச்செயலுக்குப் பின்னால் எண்ணூறு ஆண்டு நீளும் ஒரு வரலாறு உள்ளது.

சுவை என்பது தனி ஒருவர் நாவின் அனுபவம். தரம் என்பது பலர் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு தீர்ப்பு. முன்னது எவ்வாறு பின்னதாக மாறுகிறது? ‘இது நன்று, இது அதனினும் நன்று’ என்று சொல்லும் உரிமை யாருக்கு உரியது? அவ்வுரிமை எவ்வாறு பெறப்படுகிறது, எவ்வாறு இழக்கப்படுகிறது? இவ்வினாக்களைச் செயின்ட் எமிலியோன் அளவுக்கு வெளிப்படையாக எழுப்பிக்கொண்ட ஊர்கள் சிலவே. நகரவை, வணிகர், அரசு, நீதிமன்றம், பயணி எனத் தீர்ப்பு வழங்குவோர் காலந்தோறும் மாறிவந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. இறுதியில், தமிழ்ச் சான்றுகள் சிலவற்றோடு இவ்வரலாற்றை ஒப்பிட்டுக் காண்கிறது.

நிலமும் நகரும்

செயின்ட் எமிலியோன் ஒரு சுண்ணாம்புப் பாறை மேட்டின் விளிம்பில் அமைந்தது. தெற்கே சரிவு இறங்கித் தோர்தோன் ஆற்றுச் சமவெளியில் முடிகிறது. மேட்டில் சுண்ணாம்புக் கல், சரிவில் களிமண் கலந்த சுண்ணாம்பு மண், மேற்கே பொமரோல் எல்லையை ஒட்டிச் சரளை, தாழ்நிலத்தில் மணல் எனச் சில கிலோமீட்டருக்குள் மண் பலவாறு மாறுகிறது. இங்கு மிகுதியாகப் பயிராவது மெர்லோ என்னும் கருந்திராட்சை. அதற்கு அடுத்த நிலையில் உள்ளது கபர்னே ஃபிரான் என்னும் வகை. மழைநீரைத் தன்னுள் தேக்கிக் கோடையில் வேருக்குச் சிறிது சிறிதாக வழங்கும் சுண்ணாம்புப் பாறையே இவ்வூர் மதுவின் தன்மைக்கு அடிப்படை என்பர்.

அதே பாறைதான் ஊரையும் கட்டியது. பாறை வெட்டப்பட்ட இடங்கள் நிலத்தடிச் சுரங்க அறைகளாயின. அவற்றுள் பல இன்று மதுப் பீப்பாய்களைச் சேமிக்கும் குளிர்ந்த நிலவறைகளாகப் பயன்படுகின்றன. ஊருக்குப் பெயர் தந்த எமிலியோன், பிரித்தானி பகுதியிலிருந்து வந்து இங்கொரு குகையில் வாழ்ந்த 8ஆம் நூற்றாண்டுத் துறவி என்பது மரபு. அவர் நினைவாகப் பிற்காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த தேவாலயம் ஐரோப்பாவின் பெரிய குடைவரைத் தேவாலயங்களுள் ஒன்று. மலையைக் குடைந்து கோயில் கண்ட பல்லவர், பாண்டியர் மரபை அறிந்த நமக்கு இதன் அமைப்பு அந்நியமாகத் தோன்றாது.

அடைக்கலம் தருவதிலும் இந்நிலத்தடி உலகுக்குப் பங்குண்டு. பிரெஞ்சுப் புரட்சியின் கொடுங்காலத்தில், இவ்வூரில் பிறந்த எலி குவாதே என்பவரும் அவருடைய ஜிரோந்தன் கட்சித் தோழர்களும் இங்கே மறைந்து வாழ்ந்தனர். 1794இல் குவாதே பிடிபட்டுப் போர்தோவில் கொல்லப்பட்டார். அவர்களுக்குப் புகலிடம் அளித்த பூக்கே என்னும் பெண்மணியும் உயிரிழக்க நேர்ந்தது. நிலவறையில் பீப்பாய்களைக் கண்டு வியக்கும் பயணி இதனையும் நினைவிற்கொள்ளல் தகும்.

நகரவையின் முத்திரை

1152இல் அக்கித்தேன் நாட்டின் எலெனோர், ஹென்றி பிளாந்தாஜெனேயை மணந்தார். 1154இல் ஹென்றி இங்கிலாந்தின் அரசரானார். இதனால் போர்தோவைச் சூழ்ந்த நிலப்பகுதி மூன்று நூற்றாண்டுகள் ஆங்கில முடியின்கீழ் இருந்தது. இங்கு விளைந்த மது இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. இப்பின்னணியில்தான் 1199இல் அரசர் ஜான், செயின்ட் எமிலியோன் நகரத்தாருக்கு ஓர் உரிமைப் பட்டயம் வழங்கினார். அதன்வழி, நகரின் நிருவாகமும் நீதியும் வணிக மேற்பார்வையும் ‘ஜுராத்’ என்னும் அவையிடம் ஒப்படைக்கப்பட்டன. உறுதிமொழி ஏற்றோர் என்னும் பொருளில் அமைந்தது இப்பெயர். 1289இல் முதலாம் எட்வர்டு இவ்வவையின் ஆட்சி எல்லையை வரையறுத்தார். அவ்வெல்லைக்கு உட்பட்ட நிலமே இன்று எட்டு ஊர்களாக விளங்குகிறது. 1999இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது ஊரை மட்டுமன்று; ‘செயின்ட் எமிலியோன் ஆட்சி எல்லை’ என்னும் அந்நிலப்பரப்பு முழுவதையும் ஆகும். ஓர் இடைக்கால நிருவாக எல்லை ஏழு நூற்றாண்டுகள் கடந்தும் நிலத்தோற்றத்தில் நிலைபெற்றிருப்பது கருதத்தக்கது.

மதுவைப் பொறுத்தவரை இவ்வவையின் பணிகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, அறுவடை தொடங்கும் நாளை அறிவித்தல். அறிவிப்புக்கு முன் எவரும் பழம் பறித்தல் கூடாது. முதிராத பழத்தைப் பறித்து முந்திக்கொண்டு விற்பதை இது தடுத்தது. இரண்டாவது, புதிய மதுவைச் சுவைத்து, தக்கதெனக் கண்ட பீப்பாயில் நகரின் முத்திரையைக் காய்ச்சிய இரும்பால் பொறித்தல். மூன்றாவது, தகாத மதுவை அழித்தலும் ஏமாற்றுவோரைத் தண்டித்தலும்.

இங்குச் சுவைத்தல் என்பது இன்பத்திற்காக நிகழ்ந்ததன்று. அது ஓர் ஆட்சிச் செயல். தீர்ப்பளித்தவர்கள் ஊரறிந்தவர்கள்; உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டவர்கள். முத்திரை பொறித்த பீப்பாய் கடல் கடந்து சென்று அங்கே குறையுடையதாகக் காணப்பட்டால், தனியொரு விளைவிப்போரின் பெயரோடு ஊரின் பெயரும் கெடும். ஆகவே சுவைக்குப் பிணை நின்றது ஊரே எனலாம். எனினும் இம்முறையின் உள்முரணும் கவனிக்கத்தக்கது. அவையில் அமர்ந்தோர் நகரின் செல்வர்கள். தாமும் திராட்சை நிலமும் மது வணிகமும் உடையவர்கள். தம் பொருளைத் தாமே சோதித்துத் தாமே முத்திரையிடும் நிலை தொடக்கத்திலேயே இம்மரபில் இருந்தது. பிற்கால வழக்குகளுக்கெல்லாம் வித்து இங்கேயே கிடக்கிறது.

புரட்சியோடு பழைய நகரவை முடிவுற்றது. 1948இல் அதே பெயரில் ஒரு கழகம் மீண்டும் தோற்றுவிக்கப்பட்டது. இன்றும் அதன் உறுப்பினர்கள் செந்நிற அங்கி அணிந்து, கோடைத் தொடக்கத்தில் புதிய மதுவுக்குத் தீர்ப்புரைக்கின்றனர். செப்டம்பரில் அரசர் கோபுரத்தின் உச்சியில் நின்று அறுவடையை அறிவிக்கின்றனர். பயணிகள் கண்டு மகிழும் இவ்விழா, அதிகாரம் நீங்கியபின் எஞ்சிய சடங்கு ஆகும். தண்டிக்கும் ஆற்றல் இன்று இவ்வவையிடம் இல்லை.

விலையே அளவுகோலாதல்

ஊரின் முத்திரை இருந்தும் செயின்ட் எமிலியோன் மதுவுக்குக் கடல்வழி தன்னிச்சையாக அமையவில்லை. போர்தோ நகரத்தார் தம் மதுவுக்கே முதலிடம் தரும் சலுகைகளை அரசரிடம் பெற்றிருந்தனர். ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வரும் மது குறிப்பிட்ட நாளுக்கு முன் துறைமுகத்துள் நுழைதல் இயலாது. முதல் கப்பல்கள் புறப்பட்டபின் வரும் மதுவுக்கு விலை குறைவு என்பது வெளிப்படை. 1379இல் செயின்ட் எமிலியோன் போர்தோவின் ‘ஞான மகள்’ நகரங்களுள் ஒன்றாக இணைந்து அந்நகரின் பாதுகாப்பை நாடியது. 1453இல் அருகிலுள்ள காஸ்தியோன் போர்க்களத்தில் ஆங்கிலேயர் தோற்றதும் இப்பகுதி பிரெஞ்சு முடியின்கீழ் வந்தது.

போர்தோவின் மேலாண்மை 1855இல் வேறொரு வடிவில் வெளிப்பட்டது. அவ்வாண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்காகப் போர்தோ வணிக மன்றத்தின் வேண்டுகோளின்படி, மதுத் தரகர்கள் ஒரு தரப்பட்டியலை வகுத்தனர். நெடுங்காலமாக எம்மது எவ்விலைக்கு விற்றது என்பதே அவர்களது அளவுகோல். செம்மதுப் பட்டியலில் ஓபிரியோன் என்னும் ஒரு தோட்டம் நீங்கலாக ஏனைய அனைத்தும் மெதோக் பகுதியைச் சார்ந்தவை. செயின்ட் எமிலியோன் தோட்டம் ஒன்றுகூட அதில் இடம்பெறவில்லை. இவ்வூரின் வணிகம் லிபூர்ன் துறையை ஒட்டி நடைபெற்றமையும், இங்குத் தோட்டங்கள் சிறியனவாகப் பலர் கையில் இருந்தமையும் இதற்குக் காரணங்கள். மது தாழ்ந்தது என்பதால் அன்று. தரகரின் ஏட்டில் இல்லை என்பதால் விடுபட்டது.

விடுபட்டோர் தமக்குள் ஒன்றுபட்டனர். தொழிற்சங்கங்களுக்கு 1884இல் சட்டம் இடமளித்த அவ்வாண்டிலேயே செயின்ட் எமிலியோன் திராட்சை விளைவிப்போர் சங்கம் தோன்றியது. 1930களின் தொடக்கத்தில், தனக்கென நிலவறை கட்ட இயலாத சிறு விளைவிப்போர்க்காகக் கூட்டுறவு ஒன்றும் அமைந்தது. 1936இல் ‘செயின்ட் எமிலியோன்’ என்னும் பெயர் சட்டத்தின் காப்பைப் பெற்றது.

பத்தாண்டுக்கு ஒரு தேர்வு

நூறாண்டுக் காத்திருப்புக்குப்பின் 1955இல் இவ்வூர் மதுவுக்கெனத் தனித் தரப்பட்டியல் வெளிவந்தது. இதனை வகுத்தவர் தரகர் அல்லர். பிறப்பிடப் பெயர்களைக் காக்கும் அரசு நிறுவனம். 1855ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து இது அடிப்படையில் வேறுபட்டது. அப்பட்டியல் ஏறத்தாழ நிலையானது. 1973இல் மூத்தோன் தோட்டம் முதல் தரத்துக்கு உயர்ந்தமையே அதில் நிகழ்ந்த பெருமாற்றம். செயின்ட் எமிலியோன் பட்டியலோ ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை மீள்பார்வைக்கு உரியது. 1969, 1986, 1996, 2006, 2012, 2022 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. பிறப்பால் வந்த தரம் என ஒன்று இல்லை, ஒவ்வொரு தலைமுறையும் தன் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும் என்பது இதன் உட்கருத்து. கொள்கையளவில் இதனினும் நேரிய முறையைக் காண்பது அரிது.

நடைமுறையில் இம்முறை வேறு சிக்கல்களை ஈன்றது. 1986இல் போசெழூர் பெக்கோ என்னும் தோட்டம் முதல் தரத்திலிருந்து இறக்கப்பட்டது. அதன் மது கெட்டதன்று. பட்டியலில் இல்லாத நிலத்தைத் தன் தோட்டத்தோடு இணைத்துக்கொண்டமையே காரணம். 1996இல் அது மீண்டும் உயர்ந்தது. மதிப்பிடப்படுவது மதுவா, மண்ணா என்னும் வினா இதனால் எழுந்தது.

நாவும் நீதிமன்றமும்

2006ஆம் ஆண்டுப் பட்டியலில் தரம் இழந்த தோட்டத்தார் சிலர் வழக்குத் தொடுத்தனர். ஏற்கெனவே பட்டியலில் இருந்தோரும் புதிதாக விண்ணப்பித்தோரும் ஒரே நிலையில் வைத்துச் சுவைக்கப்படவில்லை என்பது குறைபாடுகளுள் முதன்மையானது. 2008இல் போர்தோ நிருவாக நீதிமன்றம் அப்பட்டியலைச் செல்லாததாக்கியது. பின்னர்ச் சட்டத்தின் வழியாக 1996ஆம் ஆண்டுப் பட்டியல் இடைக்காலத்துக்கு நீட்டிக்கப்பட்டது. 2006இல் உயர்வு பெற்றோரும் அதில் சேர்க்கப்பட்டனர். இத்தீர்ப்பின் சிறப்பு யாதெனில், நீதிமன்றம் மதுவைச் சுவைக்கவில்லை. சுவைத்த முறையைச் சோதித்தது. சுவையில் பிழை காண இயலாது. நெறிமுறையில் பிழை காண இயலும்.

2012இல் முறை விரிவாக வகுக்கப்பட்டது. தரம்பெற்ற தோட்டங்களுக்கு 50 விழுக்காடு மதிப்பெண் சுவைப்புக்கு உரியது. உயர்நிலையாகிய முதல் தரத்திற்கோ சுவைப்பின் பங்கு 30 விழுக்காடு மட்டுமே; நற்பெயருக்கு 35 விழுக்காடு. மேலே செல்லச் செல்ல நாவின் பங்கு குறைந்து பெயரின் பங்கு மிகுவதை இவ்வெண்கள் காட்டுகின்றன. அவ்வாண்டு 82 தோட்டங்கள் தரம்பெற்றன. ஷெவால் பிளான், ஓசோன் ஆகிய இரண்டோடு ஆஞ்செலுஸ், பவி ஆகிய இரண்டும் உச்சநிலையை எய்தின. மீண்டும் வழக்குகள் எழுந்தன. விதிகளை வகுக்கும் அமைப்புகளில் இடம்பெற்றிருந்த ஒரு தோட்ட உரிமையாளர், தமக்கு நன்மை தரும் செயலில் பங்கேற்றார் என 2021இல் போர்தோ குற்றவியல் நீதிமன்றம் தண்டம் விதித்தது. தம் பொருளைத் தாமே சோதித்த பழைய அவையின் முரண் எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் குற்றமாக வரையறுக்கப்பட்டது எனக் கூறுதல் மிகையாகாது.

அதே 2021இல் ஷெவால் பிளான், ஓசோன் ஆகிய இரு தோட்டங்களும் அடுத்த தேர்வில் பங்குபெறப் போவதில்லை என அறிவித்தன. மண்ணையும் மதுவையும்விடச் சமூக ஊடகங்களில் பெறும் இடம், சுற்றுலா வசதிகள் முதலியன மதிப்பீட்டில் மிகுந்த இடம் பெறுகின்றன என்பது அவர்களது குறை. 2022 தொடக்கத்தில் ஆஞ்செலுஸ் தோட்டமும் விலகியது. அவ்வாண்டு வெளிவந்த பட்டியலில் 85 தோட்டங்கள் உள்ளன. அவற்றுள் முதல் தரத்தன 14. உச்சநிலையில் பவி, ஃபிழாக் ஆகிய இரண்டு. நெடுங்காலம் பட்டியலின் முடியாக விளங்கிய இரு பெயர்கள் இன்று அப்பட்டியலில் இல்லை.

பயணி என்னும் நடுவர்

இவ்விடத்தில் ஒரு நாள் உலா வந்த பயணியை மீண்டும் நோக்குதல் வேண்டும். அவர் கிண்ணத்தைச் சாய்த்து நிறம் காண்கிறார்; சுழற்றி மணம் முகர்கிறார்; ஒரு மிடறு வாயில் நிறுத்திச் சுவை தேர்கிறார்; பின் அதனைத் துப்பும் கலத்தில் உமிழ்கிறார். இம்முறை தொழில்வழிச் சுவைப்போரிடமிருந்து பொதுமக்களுக்கு வந்தது. போர்தோவைச் சார்ந்த எமில் பெயினோ (1912–2004) போன்ற மதுவியல் அறிஞர்கள் சுவைக்கு ஒரு கலைச்சொல் மரபை வகுத்தனர். அச்சொற்களை இன்று தோட்ட வழிகாட்டி பயணிக்குக் கற்பிக்கிறார்.

பயணி தம்மை மாணவராகக் கருதுகிறார். ஆனால் அவரது வருகையே தோட்டத்தின் நற்பெயருக்கு ஒரு சான்றாக எண்ணப்படும்போது, அவர் தம்மை அறியாமலே நடுவராகிறார். வரவேற்புக் கூடமும் கண்கவர் நிலவறையும் அமைக்கப் பொருள் உடையவர் மேலும் பெயர் பெறுவர். இரண்டொரு ஏக்கரில் உழைக்கும் குடும்பத்துக்கு அவ்வாய்ப்பு இல்லை. தரப்பட்டியலில் ஓரிடம் நிலத்தின் விலையையே மாற்றிவிடும் சூழலில், இது வெறும் பெருமைச் சிக்கலன்று, வாழ்வுச் சிக்கலாகும். பட்டியல் தோட்டங்களின் பெயரை மட்டுமே சொல்கிறது. கொடி கத்தரித்துப் பழம் பறிக்கும் கைகளைச் சொல்வதில்லை என்பதும் இதனோடு எண்ணத்தக்கது.

மறுபக்கமும் உண்டு. பாறைத் தேவாலயத்தின் தூண்கள் நீர்க்கசிவால் நலிந்தபோது அவற்றை இரும்புக் கட்டுகளால் தாங்கிக் காக்க வேண்டியதாயிற்று. இத்தகைய மரபுச் சின்னங்களைப் பேணும் அக்கறையும் பொருளும் பயணியரின் வருகையோடு பிணைந்தவை. எனவே சுற்றுலாவை வெறுத்தொதுக்குதல் தீர்வாகாது. அதன் இடம் எது என்பதே வினா.

தமிழ்ச் சான்றுகளோடு ஓர் ஒப்பு

மேலை நாட்டு மது தமிழகத்துக்குப் புதியதன்று. புறநானூற்றின் 56ஆம் பாடல் யவனர் கொணர்ந்த மணங்கமழ் தேறலைக் குறிக்கிறது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும், கேரளத்தின் பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வுகளிலும் மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. இவை மத்தியதரைக் கடற்கரையிலிருந்து வந்தவை. செயின்ட் எமிலியோனோடு தொடர்புடையன அல்ல. எனினும், தொலைவிலிருந்து வந்த மதுவை மணத்தால் அறிந்து போற்றிய ஒரு சுவை மரபு இங்கு இருந்தமைக்கு அவை சான்று.

இதனினும் நெருங்கிய ஒப்புமை உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் கிடைக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அக்கல்வெட்டுகள் ஊரவையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழித் தெரிவு செய்யும் முறையை விரிக்கின்றன. அவற்றுள் பொன்னின் மாற்றைக் காண்பதற்குரியதாகக் கருதப்பெறும் பொன் வாரியமும் ஒன்று. கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் உறுப்பினராதல் கூடாது. அணிமைய மூன்றாண்டுகளுள் பதவி வகித்தோரும் விலக்கப்பட்டனர். செயின்ட் எமிலியோன் அவை தோன்றுவதற்கு ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன்பே, மதிப்பிடுவோரின் தகுதியையும் அவர்தம் பற்றையும் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும் என்னும் தெளிவு இங்கு இருந்தது. பொன்னுக்கு உரைகல் உண்டு; மதுவுக்கு நாவன்றி உரைகல் இல்லை. உரைகல் உள்ள பொருளுக்கே இத்துணைக் கட்டுப்பாடு தேவைப்பட்டது எனின், அஃதில்லாத பொருளுக்கு எத்துணைத் தேவை என்பது சொல்லாமலே விளங்கும். நூல் அரங்கேற்றத்தை அவையின் ஒப்புதலோடு பிணைத்த நம் இலக்கிய மரபும், இன்று பாடத்திட்டங்களிலும் பரிசுகளிலும் எழும் தெரிவுச் சிக்கல்களும் இவ்வினாவுக்குப் புறம்பானவை அல்ல.

முடிவுரை

செயின்ட் எமிலியோனில் சுவையின் தீர்ப்பு 1199 முதல் ஊரவையிடமும், 1855இல் தரகரின் விலையேட்டிடமும், 1955 முதல் அரசின் குழுவிடமும், 2008இல் நீதிமன்றத்திடமும், அண்மையில் ஓரளவு பயணியிடமும் சென்று சேர்ந்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் குறையைக் களைய எழுந்தது. தனக்கெனப் புதிய குறையையும் கொணர்ந்தது. இவற்றுள் எதனிலும் தீர்ப்பின் ஏற்புடைமை நாவின் நுண்மையிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. சுவைப்போர் யார், அவருக்கும் அப்பொருளுக்கும் உள்ள தொடர்பு யாது, தவறினால் அவர் யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்னும் மூன்றுக்கும் தெளிவான விடை இருந்த காலத்தில் தீர்ப்பு நிலைத்தது. இல்லாத காலத்தில் வழக்காயிற்று.

பழைய நகரவை தன் முத்திரைக்குத் தானே பிணை நின்றது. ஆயினும் தன்னலம் நீங்கியதாக இல்லை. இன்றைய குழு தன்னலம் நீக்க முயல்கிறது. ஆயினும் அதன் தீர்ப்புக்கு ஊர் முழுவதும் பிணை நிற்பதில்லை. இவ்விரண்டையும் இணைக்கும் முறை இன்னும் வகுக்கப்படவில்லை. அதுவரை, அரசர் கோபுரத்தின் உச்சியிலிருந்து செவ்வங்கியர் அறுவடையை அறிவிக்கும் ஒலி, இழந்த ஒரு பொறுப்பை ஆண்டுதோறும் நினைவூட்டுவதாகவே அமையும்.